மகளிர் காவல் நிலையத்தில் குடும்ப வன்முறைப் புகார்: ஒரு மதிப்பீடு

கணவரின் அடி தாங்காமல் வந்த உறவுக்காரப் பெண் ஒருவருக்குத் துணையாக, எங்கள் பகுதியின் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குச் சென்றிருந்தேன். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் பெரிய பலம், வந்த பெண் கூச்சமின்றி வாய் திறக்க முடிவதே. உதவி ஆய்வாளர் குறுக்கிடாமல் கேட்டார். முதுகில் கன்றிப்போயிருந்த இடத்தைத் தனி அறையில் பார்த்தார். இதுவரை குறையில்லை.

அதன் பிறகு நடந்தது வேறு. மனு ரசீதையே வற்புறுத்தித்தான் வாங்க வேண்டியிருந்தது. கணவரை வரவழைத்து, இனிமேல் அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கி, "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போம்மா" என்று இருவரையும் ஒன்றாக அனுப்பிவைத்தார்கள். அந்தக் காகிதத்தை மீறினால் அதற்கென்று தண்டனை எதுவும் கிடையாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதித்துறை நடுவர் பிறப்பிக்கும் பாதுகாப்பு ஆணையை மீறினாலோ, ஓராண்டு வரை சிறையும் 20,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். அப்படியொரு ஆணை கோரலாம் என்பதையும், பாதுகாப்பு அலுவலர், இலவச சட்ட உதவி ஆகியவை பற்றியும் காவலர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு. எங்களிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை.

அடி மீண்டும் விழுந்த பிறகு, சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரை நாங்களாகவே தேடிப் போனோம். அவர் நிதானமாக, எந்தத் தேதியில் என்ன நடந்தது என்பதிலிருந்து மாமியார் வீட்டில் தங்கிவிட்ட நகை, பாத்திரம் வரை கேட்டுக் குடும்ப வன்முறை அறிக்கையை எழுதினார். காவல் நிலையத்தைவிட இந்த மேசைக்கே என் மதிப்பெண் அதிகம், வழக்கு வாய்தாக்களில் இழுபட்டாலும்கூட.

அக்கம்பக்கத்தாருக்கு மதிப்பெண் போட மனம் வரவில்லை. அலறலைக் கேட்டவர்கள் பலர். விசாரணைக்கு வந்தபோது எல்லா வீட்டிலும் "நாங்க ஊரில் இல்லை". நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர் மீது எந்தப் பொறுப்பும் சுமத்தப்படாது என்று குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. சாட்சி சொல்லத் தயங்குவோர், 181 என்ற இலவச மகளிர் உதவி எண்ணுக்காவது அழைக்கலாம்.

புகார் கொடுக்கச் செல்வோர் முதலில் அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ரசீது கைக்கு வரும்வரை நிலையத்தை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.