அதிபரையும் கூட்டிக்கொண்டு போங்கோ: ஒரு சனிக்கிழமைப் பயிற்சி பற்றி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மேல்மாடி மண்டபத்தில் நடந்த ஒருநாள் பயிற்சி இது. பாடசாலை நிர்வாகக் குழுவும் அதிபரும் முட்டுப்படாமல் வேலை செய்வது எப்படி என்பதுதான் விஷயம். ஆளுக்கு 4,000 ரூபா, மத்தியானச் சாப்பாட்டோடு.

நான் கொட்டாஞ்சேனையில் சின்ன அச்சகம் நடத்துகிறேன். எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோர் பக்கத்து ஆள். புறக்கோட்டையில் அதிபர் சேரும் நானும் ஒரே 101 பஸ்ஸில்தான் ஏறினோம். அவர் முன் சீற், நான் கடைசி சீற். நிலைமை அப்படி.

காரணம் மின்விசிறி. டிசம்பர் விடுமுறையில் பெற்றோர் நாலைந்து பேர் காசு சேர்த்து ஆறு விசிறி வாங்கி, பூட்டுவதற்கு ஆளையும் அனுப்பிவிட்டோம். அந்தப் பெடியன் ஏணியோடு கேற்றடியில் நின்றபோதுதான் சேருக்கு விஷயமே தெரியும். அந்தக் கட்டடத்து வயரிங் பழசு, தாங்காது என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. பெட்டிகள் ஸ்டோருக்குப் போயின.

காலை அமர்வு எனக்குப் பிடிக்கவில்லை. முழுக்க அமெரிக்கா. அங்கே பெரும்பாலும் மக்கள் வாக்குப்போட்டுப் பாடசாலைச் சபையைத் தெரிகிறார்கள். சபைதான் அந்தப் பகுதிப் பாடசாலைகளுக்குப் பொறுப்பான கல்வி அத்தியட்சகரை வேலைக்கு எடுக்கிறது, அவர் வேலையை மதிப்பிடுகிறது, சரிவராவிட்டால் அனுப்பியும் விடுகிறது. (அத்தியட்சகர் என்றதும் பொலிஸ் ஞாபகம் வந்தது எனக்கு மட்டுமல்ல, பக்கத்திலிருந்தவரும் சிரித்தார்.) சிகாகோவில் மேயர் நியமித்துவந்த சபைக்கு 2024 இல்தான் முதன்முதலாகத் தேர்தல் நடந்தது என்பதற்கே அரை மணித்தியாலம் போனது. எங்கள் அரசாங்கப் பாடசாலைக்கு அதிபரை அனுப்புவது அமைச்சு அல்லது மாகாணம். அபிவிருத்திச் சங்கத்துக்குத் தலைவரும் அவரேதான். தலைவரை அங்கத்தவர் எப்படி மதிப்பிடுவது என்று ஒரு அம்மா கேட்டார். 'நல்ல கேள்வி' என்று சொல்லிவிட்டு, பயிற்றுநர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். நிர்வாக சபையே அதிபரை நியமிக்கும் தனியார் பாடசாலைக்காரர் இரண்டு பேர் மட்டும் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகுதான் கொடுத்த காசுக்கு வேலை நடந்தது. பத்து வேலைகள் எழுதிய தாள் தந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் யார் முடிவெடுப்பது, யார் செய்வது, யாருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று குழுக்காரரும் அதிபரும் மற்றவர் பாராமல் நிரப்ப வேண்டும். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நாலில்தான் ஒத்துப்போனோம். இல்ல விளையாட்டுப் போட்டி டீசேட்டுக்கு அவர் என் பக்கத்தை எழுதியிருந்தார், நான் அவர் பக்கத்தை எழுதியிருந்தேன். ஒவ்வொரு வருடமும் அது ஏன் பிந்துகிறது என்று அப்போதுதான் விளங்கியது.

அதே தாளில் அழைப்பிதழ் அச்சிடும் வேலைக்கு நேரே சேர் 'மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தார். முகம் சுட்டது. நாலு வருடமாக நான்தான் அடித்துக் கொடுக்கிறேன், கடதாசிக் காசு மட்டும் எடுத்துக்கொண்டு. அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை, மனதுக்குள் கணக்குப் பார்த்திருக்கிறார். பிளேன்ரீ ஆறும்வரை இரண்டு பேரும் அதைக் கதைத்தோம். இந்த முறை மூன்று இடத்தில் விலை கேட்கிறோம், என்னுடையதும் அதில் ஒன்று.

குறைகளும் உண்டு. கையேடு ஆங்கிலத்தில் மட்டும். ஏசி விறைக்க வைத்தது. இரண்டு கிழமையில் தொலைபேசியில் விசாரிப்போம் என்றார்கள், ஒரு மாதமாகச் சத்தமில்லை. கார்ட் எடுக்கமாட்டார்கள், காசாகவே கொண்டுபோங்கோ. சாப்பாட்டுக்குக் குறை சொல்ல ஏலாது, கணவாய்க் கறி அருமை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அதிபர் வராமல் குழுக்காரர் மட்டும் போவதென்றால் அந்த 4,000 ரூபாவை மிச்சம் பிடியுங்கோ, அந்தத் தாளை நிரப்ப எதிர்ப்பக்கத்துக்கு ஆள் வேண்டும்.

வயரிங் மாற்றக் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் போயிருக்கிறது, எங்கள் இரண்டு பேரின் கையெழுத்தோடும். விசிறிகள் இன்னும் ஸ்டோரில்தான்.