ட்ரக்கா, கன்டெய்னரா, மூவர்ஸா: எடிசனில் இருந்து பிளேனோ போன கணக்கு

நியூ ஜெர்சி எடிசனில் இருந்து டல்லாஸ் பக்கத்தில் இருக்கும் பிளேனோவுக்கு வீடு மாறினோம். ஏறக்குறைய 1,500 மைல். போய்ச் சேர்ந்ததில் இருந்து மாறப்போகிற நண்பர்கள் கேட்கிற ஒரே கேள்வி, "வாடகை ட்ரக், பெட்டி தரும் கன்டெய்னர் கம்பெனி, சாமானை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கித்தரும் மூவர்ஸ், இதில் எது பெஸ்ட், நீங்களே ட்ரக் ஓட்டினது லாபமா?" கூடவே அவர்கள் வீட்டில் எத்தனை கட்டில், எத்தனை சோபா என்று பட்டியல் வரும். சாமான் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்விதான். முதலில் கார் எத்தனை, ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

எங்கள் நிலவரம் இது: இரண்டு பெட்ரூம் வாடகை வீடு, ஒரு சிஆர்-வி, ஒரு பழைய கொரோலா, ஓட்டுபவர்கள் நானும் மனைவியும், நாலு வயது மகள், ஊரில் இருந்து வந்திருந்த மாமியார். ட்ரக் எடுத்தால் வண்டி மூன்று, டிரைவர் இரண்டு. ட்ரக் கேபினில் மூன்று பேர் உட்காரலாம் என்று போட்டிருப்பார்கள், ஆனால் பின்சீட் கிடையாது, முன்னால் ஏர்பேக் இருக்கும், கார் சீட்டில் போகிற குழந்தையை அங்கே உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆக மனைவி சிஆர்-வியில் குழந்தையோடு தனியாக 1,500 மைல் ஓட்டியே ஆகவேண்டும். இதை முதல் நாளே பேசி முடிவு செய்யாமல் ட்ரக் புக் பண்ணாதீர்கள்.

மிச்சம் இருக்கிற காரை ட்ரக் பின்னால் கட்டி இழுக்கலாம், அதற்கு இரண்டு வழி. டோ டாலி என்றால் முன்சக்கரம் இரண்டும் மேலே, பின்சக்கரம் ரோட்டில். வாடகை குறைவு. ஆனால் ஆல்-வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இன்ஜினோடு இணைந்த) காரை இப்படி இழுத்தால் டிரான்ஸ்மிஷன் காலி, எங்கள் சிஆர்-வி அந்த ரகம். நாலு சக்கரமும் மேலே ஏறும் டிரெய்லரில் அந்தப் பிரச்சினை இல்லை, வாடகை கூடும். எதைக் கட்டினாலும் வேகம் குறையும் (வாடகை ட்ரக் கம்பெனியான யூ-ஹால், டிரெய்லர் கட்டினால் 55 மைலுக்கு மேல் போகாதே என்கிறார்கள்), டாலி கட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கவும் கூடாது. தெரியாமல் ஒரு முட்டுச்சந்தில் நுழைந்தால் காரை இறக்கி, டாலியைக் கழற்றி, வண்டியைத் திருப்பி, மறுபடியும் மாட்ட வேண்டும். நான் யோசித்துப் பார்த்துவிட்டு கொரோலாவை விற்றேன். அந்த ஒரு முடிவில் பாதிக் கவலை போனது.

எந்த ட்ரக் என்பதற்கு வருவோம். ஆரஞ்சு வெள்ளை யூ-ஹால், மஞ்சள் பென்ஸ்கி, அப்புறம் பட்ஜெட். மூன்றிலுமே பெரியது 26 அடி. மொத்த எடை 26,000 பவுண்டைத் தாண்டினால் கமர்ஷியல் லைசென்ஸ் வேண்டும், அதனால் அந்தக் கோட்டுக்குள்ளேயே வண்டியைச் செய்து வைத்திருக்கிறார்கள். நம் சாதா லைசென்ஸோடு அவ்வளவு பெரிய வண்டிக்குச் சாவி கொடுப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். யூ-ஹாலில் தளம் தாழ்வு, கனமான சாமானைத் தள்ளி ஏற்றுவது சுலபம், எந்த ஊரிலும் கடை இருக்கும். ஒருவழிப் பயணத்துக்கு இத்தனை நாள், இத்தனை மைல் என்று எண்ணிக் கொடுப்பார்கள், மீறினால் தனிக் கட்டணம். பென்ஸ்கியில் ஒருவழி என்றால் மைல் கணக்கு இல்லை, பெரிய வண்டிகள் டீசல். குழந்தைக்காக அடிக்கடி நிறுத்தி, வழியில் சொந்தக்காரர் வீட்டுக்குச் சுற்றிப் போகிற குடும்பத்துக்கு மைல் கணக்கு இல்லாதது நிம்மதி. ஆனால் டீசல் வண்டியில் தூக்கக் கலக்கத்தில் பெட்ரோலைப் போட்டுவிடாதீர்கள். பச்சைக் கைப்பிடி என்றால் டீசல் என்று பழகியிருப்போம், பிபி பங்க்கில் பெட்ரோலுக்கே பச்சைதான்.

எந்த வண்டியானாலும் கேலனுக்குப் பத்து மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,500 மைலுக்கு 150 கேலன். ட்ரக் வாடகையை மட்டும் பார்த்துவிட்டு "மூவர்ஸ் கேட்பதில் கால்வாசிதானே" என்று குதிப்பவர்கள் இந்த 150 கேலன், இரண்டு ராத்திரி ஓட்டல், டோல், சாமான் ஏற்ற இறக்க மணிக்கூலிக்கு ஆள், இன்சூரன்ஸ் இவற்றையும் கூட்டிப் பார்க்கட்டும். எங்களுக்குக் கூட்டி வந்தது மூவர்ஸ் கேட்டதில் பாதியைத் தாண்டிவிட்டது. திசையும் விலையை மாற்றும். எல்லோரும் கிளம்புகிற ஊரில் இருந்து எல்லோரும் போகிற ஊருக்கு என்றால் விலை ஏறும், எதிர்த்திசையில் அதே வண்டி மலிவு. மாதக் கடைசியும் கோடை விடுமுறையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்சூரன்ஸில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வாடகைக் காருக்குப் பாதுகாப்பு கொடுக்கும் கிரெடிட் கார்டு பொதுவாக ட்ரக்குக்குக் கொடுக்காது, உங்கள் கார் பாலிசியும் பெரும்பாலும் கைவிடும். கம்பெனியே விற்கும் பாதுகாப்பை வாங்குங்கள், ஆனால் வண்டியின் தலை மேலே இடித்தால் அதில் சேருமா என்று படித்துவிட்டு. அதுதான் அடிக்கடி நடக்கிறது. வட கரோலினா டர்ஹாமில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது, முன்பு உயரம் 11 அடி 8 அங்குலம், அதில் இடித்துக் கூரை உரிந்த வாடகை ட்ரக்குகளின் வீடியோக்கள் இணையத்தில் பிரசித்தம். 2019-ல் பாலத்தைக் கொஞ்சம் உயர்த்தினார்கள், அதன் பிறகும் இடிக்கிறார்கள். பாஸ்டனில் செப்டம்பர் 1-ம் தேதி வாக்கில் மாணவர்கள் வீடு மாறும்போது தாழ்வான பாலங்கள் உள்ள ஸ்டாரோ டிரைவ் சாலையில் இதே கூத்து. கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயில் ட்ரக்கே கூடாது. எங்கள் எடிசனுக்குப் பக்கத்திலேயே கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் எக்ஸிட் 105-க்கு வடக்கே கனரக ட்ரக் போகக்கூடாது. போனில் இருக்கிற கார் மேப்புக்கு இதெல்லாம் தெரியாது.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். 78-ம் எண் நெடுஞ்சாலையில் ஏறி, 81-ல் இறங்கி, வர்ஜீனியா நெடுக மலையோரமாக, இரண்டு பக்கமும் பதினெட்டுச் சக்கர லாரிகள் உரசுகிற மாதிரி போக, கை மரத்துப்போய் ரோனோக் பக்கம் காபிக்காக ஒரு கடையில் நுழைந்தேன். பழக்க தோஷம், நேராக டிரைவ்-த்ரூ பாதை. முன்னால் உயரத்தை எச்சரிக்கச் சங்கிலியில் தொங்கிய மஞ்சள் கம்பி கேபின் உச்சியில் "டங்" என்றது. பிரேக். பின்னால் இரண்டு கார். பக்கத்து சீட்டில் மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "லாரி ஓட்டவா மாப்பிள்ளை அமெரிக்கா வந்தீங்க?" என்றார். "கொஞ்சம் பேசாம இருங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, இறங்கிப் போய் இரண்டு கார்காரர்களிடமும் மன்னிப்புக் கேட்டு, அவர்களைப் பின்னால் நகர்த்தி வெளியே வர இருபது நிமிஷம். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பிக்குப் பதில் கூரையாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

கன்டெய்னர் வழியில் இந்த வேதனை கிடையாது. பாட்ஸ், யூ-பேக், யூ-ஹாலின் யூ-பாக்ஸ் எல்லாம் ஒரே தத்துவம்: பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள், நீங்கள் ஏற்றிப் பூட்டினால் அவர்கள் கொண்டுபோவார்கள், நீங்கள் காரில் குடும்பத்தோடு போகலாம். புது வீடு தயாராகவில்லை என்றால் பெட்டியை அவர்கள் கிடங்கிலேயே கொஞ்ச நாள் வைத்திருக்கலாம், இது ட்ரக்கில் நடக்காது. குறை என்ன என்றால் பெட்டி வைக்க இடம். தனி வீட்டில் டிரைவ்வே இருக்கும். எங்கள் அபார்ட்மென்ட் ஆபீசில் பார்க்கிங்கில் வைக்க முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். யூ-பாக்ஸை அவர்கள் இடத்துக்கே போய் நிரப்பலாம், ஆனால் அதற்கு வீட்டில் இருந்து அங்கே கொண்டுபோக ஒரு வண்டி வேண்டுமே! சாமான் வந்துசேரும் நாளும் நம் கையில் இல்லை. தரையில் பாய் விரித்து ஒரு வாரம் ஓட்டத் தயார் என்றால் சரி.

மூவர்ஸைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. நண்பர் ஒருவர் நெட்டில் தேடி மலிவான விலையைப் பிடித்தார். அது மூவர் இல்லை, புரோக்கர். வேறு யாரோ லாரியோடு வந்து, எல்லாம் ஏற்றி முடித்த பிறகு "சாமான் அதிகம்" என்று விலையைக் கூட்டினார்கள், சாமான் அவர்கள் கையில், என்ன செய்வார்? கட்டினார். மாநிலம் விட்டு மாநிலம் போகும் மூவருக்கு யுஎஸ் டிஓடி எண் (போக்குவரத்துத் துறை தரும் பதிவு எண்) இருக்கவேண்டும், லாரி கம்பெனிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் எஃப்எம்சிஎஸ்ஏ தளத்தில் அதைப் போட்டால் புரோக்கரா, லாரி வைத்திருப்பவரா என்று தெரிந்துவிடும். எஸ்டிமேட் 'பைண்டிங்' (சொன்ன விலைக்குக் கட்டுப்பட்டது) என்று எழுத்தில் வாங்குங்கள். நான்-பைண்டிங் என்றால்கூட, இறக்கும் இடத்தில் எஸ்டிமேட்டில் 110 சதவீதத்துக்கு மேல் கொடுத்தால்தான் சாமான் என்று பிடித்துவைக்க முடியாது. இன்னொன்று, சாமான் சேதமானால் மூவர் கூடுதல் பணம் வாங்காமல் ஏற்கும் அடிப்படைப் பொறுப்பு பவுண்டுக்கு 60 சென்ட். 30 பவுண்டு கிரைண்டர் உடைந்தால் 18 டாலர். ஊரில் இருந்து கட்டிக் கட்டிக் கொண்டுவந்த கொலு பொம்மைக்குச் சில்லறைதான் மிஞ்சும், அதைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள். கம்பெனி இடமாற்றப் பணம் கொடுத்தால் அதற்கும் வரி உண்டு (2018-ல் இருந்து), கையில் வருவதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

எல்லாவற்றையும் விற்றுவிட்டு விமானம் ஏறுவது தனியாள் வழி. ஐகியா மேசை, பழைய மெத்தை என்று மட்டும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். புத்தகங்களைத் தபால் துறையின் மீடியா மெயிலில் தனியாக அனுப்பிவிடலாம், மலிவு.

இன்னொரு முறை மாறினால்? இரண்டு கார், சின்னக் குழந்தை, டிரைவ்வே உள்ள வீடு என்றால் கன்டெய்னர்தான், யோசிக்கவே மாட்டேன். ஒரே கார், குழந்தை இல்லை, கூட ஓட்ட ஒரு நண்பன் வருகிறான் என்றால் ட்ரக், அதுவும் மைல் கணக்கு இல்லாதது. கம்பெனியே நேராக மூவருக்குப் பணம் கட்டினால் மட்டும் மூவர்ஸ்.

கறிவேப்பிலைச் செடியை மட்டும் எடிசனிலேயே விட்டுவிட்டு வந்தோம். சிட்ரஸ் மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால், டெக்சாஸ், ஃபுளோரிடா, கலிபோர்னியா மாதிரி சிட்ரஸ் விளையும் மாநிலங்களில் அதைக் கொண்டுபோக வரக் கட்டுப்பாடு உண்டு, மூவர்ஸும் செடியைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள். ஆறு வருஷம் ஜன்னலோரம் வளர்த்தது. மாமியார் கிளம்பும் முன் இலை மொத்தத்தையும் உருவிப் பொடி அரைத்து, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, ஊர் வரை போகிற மாதிரி துணி சுற்றிக் கட்டி ட்ரக்கில் தன் காலடியில் வைத்துக்கொண்டார். பிளேனோவில் முதலில் பிரித்த பாட்டில் அதுதான்.