எக்ஸ்ப்ராவா, எக்ஸ்11விஎன்சியா?

அலுவலக லினக்ஸில் திறந்த நிரலை மூடாமல் வீட்டு லேப்டாப்பில் தொடர வேண்டும். எஸ்எஸ்ஹெச் (தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் நிரலின் சாளரத்தை இங்கே காட்டும் வெறும் எக்ஸ் ஃபார்வர்டிங் உதவாது. இணைப்பு அறுந்தால் நிரலும் போய்விடும். இங்கே பார்ப்பது இரண்டு கருவிகள்: நிரலைத் தன்னுள் வைத்து ஓட்டும் எக்ஸ்ப்ரா, ஓடும் திரையைத் தொலைவில் காட்டும் எக்ஸ்11விஎன்சி.

ஏற்கெனவே ஓடும் நிரல்: எக்ஸ்11விஎன்சி அப்படியே காட்டும். எக்ஸ்ப்ரா என்றால் முதலிலேயே அதனுள், டிஸ்ப்ளே :100 போன்ற ஒரு மெய்நிகர் திரையில், தொடங்கியிருக்க வேண்டும். :0இல், அதாவது மானிட்டரில் தெரியும் வழக்கமான திரையில், திறந்ததைப் பிறகு தனியே பெயர்த்து வர முடியாது. பலர் இடறுவது இங்கேதான்.

கண்ணில் படுவது: எக்ஸ்ப்ராவில் அந்த ஒரு சாளரம், உள்ளூர் நிரல் போலவே. எக்ஸ்11விஎன்சியில் முழுத் திரையும். அலுவலக மானிட்டரிலும் நீங்கள் செய்வது தெரியும்.

பாதுகாப்பு: எக்ஸ்ப்ராவை நேரே எஸ்எஸ்ஹெச் வழியே இணைக்கலாம். எக்ஸ்11விஎன்சிக்கு அது பயன்படுத்தும் 5900 போர்ட்டை நீங்களே எஸ்எஸ்ஹெச் டனலுக்குள் (மறையாக்கப்பட்ட பாதைக்குள்) விட வேண்டும்.

துண்டிப்பது: எக்ஸ்ப்ராவில் 'டிடாச்' கொடுங்கள், நிரல் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். 'ஸ்டாப்' கொடுத்தால் சேமிக்காத வேலையெல்லாம் போச்சு! எக்ஸ்11விஎன்சியை 'ஃபாரெவர்' (-forever) என்ற தெரிவு இல்லாமல் தொடங்கினால் முதல் துண்டிப்பிலேயே அது நின்றுவிடும். நிரலுக்கு ஆபத்தில்லை, எஸ்எஸ்ஹெச்சில் போய் மறுபடி எழுப்ப வேண்டும், அவ்வளவே.

நாள்கணக்கில் ஓடும் வேலையோடு இடம் மாறுபவர்களுக்கு எக்ஸ்ப்ராதான். மறந்துபோய் :0இல் திறந்துவிட்டு வந்தவர்களுக்கு எக்ஸ்11விஎன்சி. அந்த டெஸ்க்டாப் எக்ஸ்11க்குப் பதிலாக வேலண்ட் என்ற புதிய திரை முறையில் ஓடினால் அதுவும் கைகொடுக்காது.