கீழ்மலையில் ‘தோட்ட மனை’ வாங்குகிறவர்கள் ஒரு நிமிடம்

2022 ஏப்ரலில் கொடைக்கானல் கீழ்மலையில், பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் இடையே 10 சென்ட் வாங்கினேன். சென்ட் 90 ஆயிரம். மதுரை வெயிலில் இருந்து தப்பிக்க ஒரு சின்ன வீடு, நாங்கள் இல்லாத நாட்களில் விற்றவர்களே வாடகைக்கு விட்டு மாதம் 12 ஆயிரம் தருவார்கள் என்று கணக்கு. விற்றவர் பெயரை எழுதவில்லை, வழக்கு நடக்கிறது.

இடத்தைக் காட்டிய அன்று எல்லாம் அழகாக இருந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே வெள்ளையடித்த கல், அதில் சிவப்பு பெயின்டில் 17. பக்கத்தில் ஓடை. “தண்ணிக்குக் கவலையே இல்ல சார், ஓஸ் போட்டா வீட்டு வாசலுக்கே வந்துடும்” என்றார்கள். பட்டா நகல், வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் எல்லாம் ஃபைலில் இருந்தன. வக்கீலிடம் காட்டினீர்களா என்று கேட்காதீர்கள். காட்டினேன், அவர்கள் சொன்ன வக்கீலிடம்.

பத்திரத்தில் ‘மனை’ என்ற சொல்லே இல்லை. ‘புஞ்சைத் தோட்டத்தில் பொதுவில் பிரிபடாத 10 சென்ட்’ என்றுதான் இருந்தது. 17ஆம் எண் கல்லுக்கு நான்கு எல்லையும் இல்லை. அனுமதி இல்லாத மனைப்பிரிவைப் பதிய முடியாது என்பதால் தோட்டமாகவே பதிகிறார்கள் என்பது பின்னால்தான் புரிந்தது. அன்றைக்கு 11 சதவீதம் முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் கட்டிவிட்டு, கட்டைவிரல் மையைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக மலை இறங்கினேன்.

வீடு கட்ட ஊராட்சிக்குப் போனபோது கதை மாறியது. ஹாக்கா என்று சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் வரும் கிராமம் அது. மனைப்பிரிவுக்கே அனுமதி இல்லாத இடத்தில் வீட்டுக்கு எப்படித் தருவார்கள்? சரி, தனிப்பட்டாவாவது வாங்கி வைப்போம் என்று உட்பிரிவுக்கு மனு போட்டேன். சர்வேயர் வந்து அளந்தார். 17ஆம் எண் கல் நின்றதில் பாதிக்கு மேல் ஓடைப் புறம்போக்கு.

அன்று இரவு பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு நானே வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். காசே இல்லாமல் பார்க்கலாம். எனக்கு அவர்கள் கொடுத்த சான்று 2019 டிசம்பரோடு முடிந்திருந்தது, நான் தேதியைக் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு 23 கிரயப் பத்திரங்கள். கரண்ட் பில்லின் பின்பக்கம் ஒவ்வொன்றாகக் கூட்டினேன். பட்டாவில் இருப்பது 0.85.0 ஹெக்டேர், அதாவது 2 ஏக்கர் 10 சென்ட். விற்றிருப்பது 2 ஏக்கர் 64 சென்ட். மறுபடி கூட்டினேன், அதே விடைதான். நான் 21ஆவது ஆள்.

மறுநாள் மேலே போய் வளைவில் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து புலம்பினேன். கடைக்கார அக்காவுக்கு எதுவுமே புதிதாக இல்லை. “அந்த ஓடையில நாங்க முறை வச்சு ஓஸ் போடுறோம் சார். அதக் காட்டியா வித்தாங்க?” என்றார். அப்புறம் மெதுவாக, “ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போம். எல்லாரும் கார்ல வர்றீங்க, கல்லப் பாக்குறீங்க, கார்லயே போயிடுறீங்க” என்றார். மூன்று முறை இடம் பார்க்க வந்து, மூன்று முறையும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். ஒரு டீ பத்து ரூபாய்.

போலீஸில் நில அபகரிப்புப் பிரிவுக்குப் போனால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். விற்றவர் இன்னும் போனை எடுக்கிறார், அதுதான் வேடிக்கை. “வேற எடம் மாத்தித் தர்றேன் சார்” என்பார். அந்த இடத்துப் பத்திரமும் அதேபோலப் பிரிபடாத பாகம்தான்.

500 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றால் ரெரா என்று சொல்லும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். இவர்கள் பதியவே இல்லை. அதை வைத்து அங்கேயும் புகார் கொடுத்திருக்கிறோம். 23 பேரில் இதுவரை 9 பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. 2020க்குப் பிறகு அந்தச் சாலையில் சிவப்பு எண் போட்ட கல்லைக் காட்டி உங்களுக்கு யாராவது தோட்டம் விற்றிருந்தால், பத்திரத்தை எடுத்து ‘பிரிபடாத’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். அடுத்த வாய்தாவுக்குள் இன்னும் நாலு பேராவது சேர்ந்தால் நல்லது.