கட்டுச்சோறா, கடைச் சாப்பாடா: பாடம் பதியும் முறைகள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தை மேசையில் போன மாதம் இரண்டு பாடப் பதிவுப் படிவங்கள் அருகருகே கிடந்தன. ஒன்று அக்காவின் மகளுடையது. உயர்தரம் எழுதி, அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியில் தெரிவாகிப் பல்கலைக்கழகம் போனவள். அவளுடைய தாளில் ஐந்து பாடங்களும் முன்கூட்டியே அச்சாகியிருந்தன. கையெழுத்துப் போடுவது மட்டும்தான் அவள் வேலை. மற்றது பக்கத்து வீட்டுத் தம்பியுடையது. பகலில் வேலைக்குப் போகிறவன், படிப்பது திறந்த பல்கலைக்கழகத்தில். அவனுடைய தாளில் வெறும் கட்டங்கள். எந்தப் பாடம், எத்தனை, எவ்வளவு காசு, எல்லாம் அவன் பாடு.

“மாமா, அண்ணாவுக்குத்தான் சொர்க்கம்” என்றாள் அவள். “ஒருக்கா இந்தக் கட்டத்தை நீ நிரப்பிப் பாரன்” என்றான் அவன்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. அதற்கு வருமுன் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது கட்டுச்சோறு. பீடம் கட்டித் தருகிறது, மாணவர் பிரித்துச் சாப்பிடுகிறார். இதைக் குறை சொல்வது சுலபம், ஆனால் இதன் நன்மை சின்னதில்லை. நேரசூசியில் இரண்டு பாடங்கள் மோதாது. பட்டத்துக்கு வேண்டிய ஒரு பாடம் விட்டுப்போயிருக்கிறது என்று கடைசி வருடத்தில் யாருக்கும் நெஞ்சு அடைக்காது. வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்கு, யாரைக் கேட்பது என்றே தெரியாத முதல் செமிஸ்டரில், இது பெரிய ஆறுதல்.

சிக்கல் வருவது ஒரு பாடத்தில் தவறியவருக்கு. இரண்டாம் வருடத்தில் இருந்துகொண்டு முதல் வருடப் பாடத்துக்கும் போகவேண்டும். அது செவ்வாய் காலை பத்து மணிக்கு; இந்த வருடத்துக் கட்டாயப் பாடமும் அதே செவ்வாய், அதே பத்து மணி. எல்லோரும் ஒரே வேகத்தில் சாப்பிடுவார்கள் என்று நினைத்துக் கட்டிய சோறு அது. தவறியவர் விரிவுரைக்குப் போகாமல், நண்பரின் குறிப்பைப் படப்பிரதி எடுத்துப் பரீட்சை எழுதுகிறார். அப்புறம் திரும்பவும் தவறுகிறார்.

இரண்டாவது கடைச் சாப்பாடு. வேண்டியதை எடுக்கலாம், எடுத்ததற்குக் காசு. வேலை பார்த்துக்கொண்டு படிப்பவருக்கு இதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆனால் மனிதருக்குப் பசியை விடக் கண் பெரிது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். விரிவுரை, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்துத்தான். பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், சிறப்புப் பட்டத்துக்கு 120. தம்பி முதலில் குறித்து வைத்திருந்தது வருடத்துக்கு 30. அதாவது 1500 மணி. வாரத்துக்கு ஏறக்குறைய 30 மணி, வேலைக்கு மேலாக. 18 கிரெடிட்டாகக் குறைத்தால் வாரத்துக்கு 18 மணியளவில் வரும், ஆனால் 90ஐ முடிக்க ஐந்து வருடம். கணக்கைப் போட்டுக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அவனுடைய கட்டங்களில் யாரும் ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று கோடு போட்டு வைக்கவில்லை.

முழுத் தெரிவுச் சுதந்திரம் எங்கே போய் முடியும் என்பதற்குப் பழைய உதாரணம் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகம். 1869இல் தலைவரான சார்ள்ஸ் எலியட், 40 வருடங்களில் கட்டாயப் பாடங்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். பலர் தொடக்கநிலைப் பாடங்களாகவே பொறுக்கி எடுத்துப் பட்டம் பெறுகிறார்கள் என்ற முணுமுணுப்பு எழுந்தது. 1909இல் அடுத்து வந்த லோவெல், ஒரு துறையில் ஆழமும் மற்றவற்றில் பரப்பும் வேண்டும் என்று மறுபடி வரம்பு கட்டினார். இன்று பல இடங்களில் இருக்கிற மூன்றாவது வழிக்கு, அதாவது கட்டாயப் பாடங்களோடு சில விருப்பப் பாடங்கள் என்ற கலவைக்கு, அது ஒரு மூதாதை.

என் வாக்கு இந்தக் கலவைக்குத்தான். ஆனால் தாளில் அழகாக இருக்கிற அளவுக்கு அது நடைமுறையில் இருப்பதில்லை. அறுபது பேர் உள்ள ஒரு மாணவர் தொகுதி. ஆறு விருப்பப் பாடங்களில் இரண்டை எடுக்கவேண்டும் என்று வையுங்கள். சராசரி பார்த்தால் பாடத்துக்கு இருபது பேர். உண்மையில் ‘லேசான பேப்பர்’ என்று சீனியர்கள் சொன்ன இரண்டுக்குள் ஐம்பது பேர் போய் நிற்பார்கள். மீதி நான்கில் ஒன்றுக்கு நாலு பேர். அந்த நாலு பேருக்காகக் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருகை விரிவுரையாளரைக் கூப்பிட்டு, சனியும் ஞாயிறும் முழுநாள் வகுப்பு வைப்பதா, பாடத்தையே இழுத்து மூடுவதா? திருகோணமலை மாதிரித் தலைநகரிலிருந்து தள்ளி இருக்கிற ஊரில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. திறக்காத பாடத்தைப் பட்டியலில் வைத்திருப்பது தெரிவு ஆகாது.

சரி, திறப்பதா மூடுவதா என்று யார் தீர்மானிப்பது? 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி, பீடச் சபை ஆராய்ந்து சிபாரிசு செய்யும். கல்வி விடயங்களில் அதிகாரம் மூதவைக்கு, அதாவது செனட்டுக்கு. இங்கே கோணேசபுரியில் இருக்கிற வளாகத்தின் தாயான கிழக்குப் பல்கலைக்கழகம் மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில், நூறு கிலோமீற்றருக்கு மேல். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு கரையோரப் பயணம் லேசாகிவிட்டது. ஆனால் ஒரு பிரேரணை துறையிலிருந்து பீடத்துக்கும், பீடத்திலிருந்து மூதவைக்கும் ஏற எடுக்கும் காலத்தை எந்தப் பாலமும் குறைக்காது. அது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பொது. ஆகவே விருப்பப் பாடப் பட்டியல் முந்தைய செமிஸ்டர் முடியுமுன்பே பீடச் சபையில் முடிவாகவேண்டும். அந்தச் சபையில் மாணவர் தெரிவு செய்த இருவர் இருக்கச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. அவர்கள் வாய் திறக்க வேண்டிய இடம் இது; சிற்றுண்டிச்சாலைப் பிரச்சினையை வேறெங்கும் பேசலாம்.

பீடாதிபதியிடம் நேரே போய்க் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். முன்பு ஒரு பல்கலைக்கழகத்தில் (பெயர் வேண்டாம்) தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்தேன். பதிவுப் படிவங்களைச் சேர்த்து அடுக்கியது நான். ஒரு மாணவர் பாடக் குறியீட்டில் 3 போடவேண்டிய இடத்தில் 8 போட்டிருந்தார். துறைத் தலைவர் கையெழுத்து, அலுவலக முத்திரை, எல்லாம் சரியாக விழுந்திருந்தன. வாசிக்க வேண்டிய நானும் வாசிக்கவில்லை. பதினைந்து வாரமும் வகுப்புக்கு வந்தவர், பரீட்சை மண்டபத்தில் தன் பெயர் பட்டியலில் இல்லாமல் நின்றார். மேலிடத்தில் வாயால் “எழுதட்டும்” என்றார்கள். எழுதினார். பெறுபேறு ஏறவில்லை, ஏனென்றால் எந்தக் கூட்டக் குறிப்பிலும் அந்த ‘எழுதட்டும்’ இல்லை. அடுத்த வருடம் திரும்ப எழுதினார்.

அதனால் படிவமா ஒன்லைனா என்ற சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஒன்லைனில் குறியீட்டுப் பிழை குறையும், அவ்வளவுதான். நான் முதலில் பார்ப்பது, வகுப்புத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஒரு பாடத்தை விட்டு இன்னொன்றை எடுக்க இடம் இருக்கிறதா என்று. முதல் இரண்டு விரிவுரையைக் கேட்காமல் பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து எடுப்பது, முகம் பார்க்காமல் சம்பந்தம் பேசுவது போல. அந்த இரண்டு வாரம் இருந்தால் கட்டுச்சோற்றையும் பொறுத்துக்கொள்ளலாம்.

மருமகள் தன் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். தம்பி இருட்டும்வரை இருந்தான். ஐந்து பாடங்களைப் பேனாவால் நிரப்பினான். ஆறாவதைப் பென்சிலால் எழுதி வைத்தான்.