ஆட்டோடாக் வினா: பட்டியலின் அடியில் கிடந்த கார்மோஃபர்

கொரோனா வைரஸ் பெருகத் தேவையான, புரதங்களை வெட்டும் முதன்மைப் புரோட்டியேஸ் நொதியை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மருந்துகளில் எது அடைக்கும் என்று தேடுவதுதான் என் முதுகலை ஆய்வு. எட்டு மாதமாக இதற்கு நான் பயன்படுத்துவது ஆட்டோடாக் வினா. ஒரு மருந்து மூலக்கூறு நொதியில் எங்கே, எப்படிப் பொருந்தும் என்று கணித்து (இதைத்தான் டாக்கிங் என்கிறார்கள்) மதிப்பெண் போடும் மென்பொருள்; அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் உருவானது. காசு கொடுக்க வேண்டியதில்லை, மூல நிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சாதாரண மடிக்கணினியே போதும். இரவில் ஓடவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் ஒரு நீண்ட பட்டியலுக்கு மதிப்பெண் போட்டு வைத்திருக்கும்.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டி போடுவதில்தான் எனக்கு மூன்று வாரம் போயிற்று. நொதியின் எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்று ஒரு பெட்டியால் குறிக்க வேண்டும். கோப்புகளைத் தயார்செய்யும் ஆட்டோடாக்டூல்ஸ் அதைப் புள்ளிக் கணக்கில் காட்டுகிறது; புள்ளிக்குப் புள்ளி 0.375 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இடைவெளி. வினாவோ ஆங்ஸ்ட்ராமிலேயே கேட்கிறது. திரையில் தெரிந்த 60-ஐ அப்படியே எழுதிவிட்டேன். 22.5 ஆங்ஸ்ட்ராம் இருக்க வேண்டிய பக்கம் 60 ஆகிவிட்டது. பெட்டி 27,000 கன ஆங்ஸ்ட்ராமைத் தாண்டுகிறது என்று வினா எச்சரித்தது, நான் பொருட்படுத்தவில்லை. மருந்துகள் நொதியின் முதுகுப்புறம் போய் ஒட்டியிருந்ததைப் படத்தில் பார்த்த பிறகே விளங்கியது. புதிதாகத் தொடங்குபவர்கள் தயவுசெய்து அந்த எச்சரிக்கை வரியைப் படியுங்கள்.

பெட்டியைத் திருத்தி, 2020 பிப்ரவரியில் வெளியான 6எல்யூ7 என்ற குறியீடுள்ள, நொதியின் முப்பரிமாணப் படிக அமைப்பில் மீண்டும் ஓட்டினேன். எச்ஐவி மருந்துகளான லோபினாவிரும் ரிட்டோனாவிரும் மேலே வந்தன. புற்றுநோய் மருந்தான கார்மோஃபர் அடியில் கிடந்தது. உண்மையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அதே 2020-இல் வந்த மற்றொரு படிக அமைப்பு, கார்மோஃபர் நொதியின் 145-ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனோடு சகப்பிணைப்பே (எலக்ட்ரான்களைப் பகிரும் வலுவான வேதிப்பிணைப்பு) போட்டுக்கொண்டு, தன் கொழுப்பு வாலை நொதி வேலை செய்யும் இடத்திலுள்ள எஸ்2 என்ற குழிக்குள் நீட்டியிருப்பதைக் காட்டுகிறது. லோபினாவிர்–ரிட்டோனாவிர் கூட்டோ, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோயாளிகளிடம் நடந்த ரெக்கவரி என்ற பிரிட்டிஷ் மருத்துவப் பரிசோதனையில் பலன் தரவில்லை. எச்ஐவியின் புரோட்டியேஸ் ஆஸ்பார்ட்டிக் அமிலத்தைக் கொண்டு வெட்டும் ஆஸ்பார்ட்டிக் வகை, கொரோனாவுடையது சிஸ்டீனைக் கொண்டு வெட்டும் சிஸ்டீன் வகை. இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு.

வினா பொய் சொல்லவில்லை. அணுக்கள் அருகருகே அமர்வதால் கிடைக்கும் பிடிப்பைத்தான் அது கூட்டிச் சொல்கிறது. அணு அதிகமானால் பெரும்பாலும் மதிப்பெண்ணும் ஏறும். அங்கே லோபினாவிருக்கு ஆதாயம், சின்னஞ்சிறு கார்மோஃபருக்கு இழப்பு. வேதிப்பிணைப்பு உருவாவதை வழக்கமான வினா ஓட்டம் பார்ப்பதே இல்லை. அதோடு, உருவாக்கியவர்களே தங்கள் கணிப்பின் திட்டப்பிழை (கணிப்பு பொதுவாக எவ்வளவு தவறக்கூடும் என்பது), மதிப்பெண்ணின் அலகிலேயே சொன்னால், 2.85 கிலோகலோரி/மோல் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அரை கிலோகலோரி வித்தியாசத்தை வைத்து ஒரு மருந்தை இன்னொன்றைவிடச் சிறந்தது என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. அந்த எண்ணை நம்பி மாத்திரை தேடி ஓடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். மருந்து எப்படி அமரக்கூடும் என்று பார்க்கவும், பொருந்தவே பொருந்தாதவற்றைக் கழிக்கவும் இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை. சிஸ்டீனோடு பிணையும் மருந்துகளை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டேன். மருந்தை அமினோ அமிலத்தோடு இணைத்தே டாக்கிங் செய்யும் வழி அதே நிலையத்தின் மற்றொரு மென்பொருளான ஆட்டோடாக் 4-இல் இருக்கிறது. கார்மோஃபரை அதில் இந்த வாரம் ஏற்றியிருக்கிறேன்.