ட்ரோவ் பழைய பேப்பர் களஞ்சியம்: காரைதீவுல இருந்து ஒரு ரிவியூ

அக்காட மூத்தவன் அவுஸ்திரேலியாவுக்குப் போய் ரெண்டு வருசமாகுது, குயீன்ஸ்லாந்துல மக்காய் எண்ட ஊர். எழுத்தப் பாத்து மெக்கே எண்டு வாசிக்கத்தான் வரும், ஆனா அங்கத்த ஆக்கள் மக்காய் எண்டுதான் சொல்லுவாங்களாம், அக்கா எப்பிடிச் சொல்லிக் குடுத்தாலும் மெக்கேதான். கரும்பும் பக்கத்துல நிலக்கரிச் சுரங்கமும் உள்ள இடம், இவன் சுரங்கத்து மெசின் திருத்துற வேர்க்சொப்புல வேல. போன மாசம் அக்கா கேட்டா, "தம்பி, அந்த ஊர்ல ஆதியில ஆருடா இருந்த" எண்டு. மருமகன்ட்ட கேட்டா, "மாமா, சிப்ட் முடிஞ்சு வந்து படுக்கவே நேரமில்ல, நீங்க வேற" எண்டுட்டான். சரி நாமளே தேடுவம் எண்டு இறங்கினதுதான் ட்ரோவ், ஒரு மாசமா ராவுல அதுக்குள்ளதான் கிடக்கன், அதால இந்த ரிவியூ.

தெரியாத ஆக்களுக்குச் சொல்றன். ட்ரோவ் எண்டது அவுஸ்திரேலியத் தேசிய நூலகம் 2009ல திறந்த வெப்சைட். பழைய பேப்பர், போட்டோ, மெப், கடிதம் எண்டு நாடு முழுக்க உள்ள நூலகங்கள்ட சாமானெல்லாம் ஒரே இடத்துல தேடலாம். காசு இல்ல, எக்கவுண்ட் கூட திறக்கத் தேவல்ல, காரைதீவுல இருந்து பாத்தாலும் கன்பராவுல இருந்து பாத்தாலும் ஒண்டுதான். பேப்பர்கள் பெரும்பாலும் 1954 வரைக்கும் கிடக்கு, அதுக்குப் பிறகு கொப்பிரைட் பிரச்சின. இடையில இதுக்குக் காசில்ல எண்டு ஒரு கரைச்சலும் வந்தது, 2023 ஏப்ரல்லதான் அரசாங்கம் நாலு வருசத்துக்கு 33 மில்லியன் டொலர் எண்டு அறிவிச்சு அது தப்பினது. நம்மட பக்கத்து ஊர்ப் பழைய பேப்பர் ஒண்டப் பாக்க ஆர்ட கால்ல விழுறது எண்டு நினைச்சா பெருமூச்சுத்தான் வருது.

ஒரு எச்சரிக்க, டேட்டா தின்னும். பக்கத்துட படத்தப் பெருசாக்கிப் பெருசாக்கி வாசிச்சு என்ட வாரப் பெக்கேஜ் மூண்டு நாளையில முடிஞ்சிது. படத்த விட்டுட்டு பக்கத்துல வாற டெக்ஸ்ட மட்டும் வாசிச்சா கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்.

இனி விசயத்துக்கு வாறன். ஊர்ப் பேரப் போட்டு பயனியர், அதாவது முதல் வந்து குடியேறின ஆள், எண்டு அடிச்சிங்க எண்டா முதல்ல வாறதெல்லாம் ஒரே கதைதான். ஜோன் மக்காய் எண்ட ஸ்கொட்லாந்துக்காரப் பொடியன், 1860ல தெற்குல இருந்து குதிரையில வந்து இந்தப் பள்ளத்தாக்கக் கண்டானாம், 1862ல மாட்டுப் பட்டியோட திரும்பி வந்து குடியேறினானாம். ஆத்துக்குத் தகப்பன நினைச்சு மக்காய் எண்டு பேர் வச்சான், ஆனா அந்தப் பேர்ல வேற ஆறு ஒண்டு இருந்ததால கடற்படைக்காரங்க தங்கட கப்பல்ட பேரப் போட்டு பயனியர் ஆறு எண்டு மாத்திட்டாங்க, ஊருக்கு மட்டும் இவன்ட பேர் ஒட்டிக்கிட்டு. அதுல பகிடி என்னெண்டா இவன் அந்தக் காணியில நிலைச்சு நிக்கவேயில்ல, மறுகா கப்பல் கப்டனாப் போயிட்டான். 1863ல பிற்ஸ்ஜெரல்ட் எண்டவர் ஊர அளந்து தெரு போட்டார், 1865ல ஸ்பில்லர் எண்டவர் கரும்பு நட்டார், 1868ல டேவிட்சனும் பிற்ஸ்ஜெரல்டும் சேந்து அலெக்சாண்ட்ரா மில்லத் தொடங்கினாங்க. செத்த வீட்டுக் குறிப்பு, ஆண்டு நிறைவு மலர் எல்லாத்துலயும் "காட்ட வெட்டினாங்க, கஷ்டப்பட்டாங்க" எண்டு திருப்பித் திருப்பி இதுதான். ரெண்டு நாள் வாசிச்சு எனக்கு அலுத்துப்போச்சு, ஏனெண்டா போடியார்ட, அதாவது காணிக்காரன்ட, புகழத்தான் பாடுறாங்க, வயலுக்குள்ள நிண்டு வேல செய்யிற முல்லைக்காரனக் காணல்ல. வயல் செய்யிற வீட்டுல பிறந்த எவனுக்கும் தெரியும், ஒரு ஏக்கர் வெட்ட எத்தின கை வேணுமெண்டு.

அந்தக் கையத் தேடுறதெண்டா பெரிய தலைப்புகள விட்டுப்போட்டு கப்பல் வந்த செய்தி, கோர்ட் செய்தி, சின்ன விளம்பரம் இதுகளுக்குள்ள போகணும். ட்ரோவ்ல பில்டர் கிடக்கு, விளம்பரத்த மட்டும் காட்டு, இந்தப் பத்து வருசத்த மட்டும் காட்டு எண்டு சொல்லலாம், எனக்கு இதுலயே பிடிச்சது அதுதான். மக்காய் மெர்குரி எண்ட ஊர்ப் பேப்பர எடுத்து 1870கள், 80கள் எண்டு போட்டன். வனுவாத்து, சொலமன் தீவுகள்ல இருந்து கொண்டுவந்த கரும்புத் தொழிலாளிகள்தான் அதுக்குள்ள வாறாங்க, அவங்கள கனகா எண்டு எழுதுவாங்க. 1863ல இருந்து நாப்பது வருசத்துல குயீன்ஸ்லாந்துக்கு 62,000 அளவுல ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவந்திருக்காங்க, சிலரக் கடத்தி, சிலர ஏமாத்தி, சிலர் தாங்களாவும் வந்தது. மூண்டு வருச ஒப்பந்தம், 1868 சட்டப்படி வருசத்துக்கு ஆறு பவுண். 1883 டிசம்பர் 26 மக்காய் குதிரைப் பந்தயத் திடல்ல இவங்களுக்கும் வெள்ளைக்காரங்களுக்கும் பெரிய கலவரம். கரும்பெல்லாம் வளந்து முடிய 1901ல சட்டம் கொண்டுவந்து, 1906ல இருந்து பிடிச்சுப் பிடிச்சுத் திருப்பி அனுப்பினாங்க. தப்பி நிண்ட குடும்பங்கள்ட பேரப்பிள்ளைகள் இண்டைக்கும் மக்காய்ல கனபேர் இருக்காங்க.

நம்ம ஆக்களுக்கு இதுக்குள்ள ஒரு சங்கதி கிடக்கு. 1882 நவம்பர்ல டெவன்ஷயர் எண்ட கப்பல்ல இலங்கையில இருந்தே தொழிலாளிகளக் கொண்டுபோய் இதே மக்காய்ல கொஞ்சப் பேர இறக்கி, மிச்சப் பேர பண்டபேர்க் பக்கம் கொண்டுபோனாங்க, அங்க வெள்ளைத் தொழிலாளிகள் கூலியாள் எதிர்ப்புச் சங்கம் எண்டு சேந்து நிண்டு இறங்க விடமாட்டம் எண்டு சண்டைக்கு நிண்டாங்க. ஸ்ரீலங்கா எண்டு தேடி ஒண்டும் வரல்ல, மறுகா அந்தக் காலத்து ஸ்பெல்லிங்ல, எஸ்ஸுக்குப் பதிலா சீயில தொடங்கி சிங்கலீஸ் எண்டு அடிச்சன், அப்பதான் மளமளவெண்டு கொட்டினது. நான் வாசிச்ச துண்டுகள்ல கப்டன்ட பேர் கிடக்கு, ஏஜண்ட்ட பேர் கிடக்கு, வந்தவங்களுக்கு வெறும் எண்ணிக்கதான்.

அக்கா கேட்ட ஆதி ஆக்கள், யுவிபரா எண்ட சனம். இவங்கட கதை பேப்பர்ல வாறது ஏதோ மாடு வெட்டினதுக்கு ஆள் பிடிச்ச கதையாத்தான். ஊருக்கு வடக்கால ஒரு மலை, மந்துரானா எண்டு பேர், வெள்ளைக்காரன் த லீப் எண்டு சொல்றது, பாய்ச்சல் எண்டு வச்சுக்கொள்ளுங்க. 1867ல நேட்டிவ் பொலிஸ், அதாவது வெள்ளைக்கார ஒபிசருக்குக் கீழ ஆதிக்குடி ஆக்கள வச்சு நடத்தின பொலிஸ், துரத்தக்க ஒரு தாய் பிள்ளையோட உச்சியில இருந்து குதிச்சிட்டா எண்டும் பிள்ள மட்டும் தப்பினது எண்டும் சொல்லுவாங்க. இத வாசிச்சு முடிய போன வச்சுப்போட்டு வெளிய வந்து இருந்தன். நம்மட கல்லோயாக் குடியேற்றத் திட்டமும் 1949ல வேல தொடங்கி, இங்கினியாகலையில அணை கட்டி, காட்ட வெட்டிக் கழனியாக்கின வீரக் கதையாத்தான் பள்ளிக்கூடத்துல படிச்சது, குளத்துக்குள்ள போன காட்டுல வேடுவர் இருந்தது பாடத்துல வரல்ல. ஹிங்குரானையில கரும்பு லொறிக்குப் பின்னால தொங்கிக் கரும்பு இழுத்துத் திண்ட காலத்துல எனக்கும் இதெல்லாம் ஆரு சொன்ன.

புயல் கதையும் சொல்லாம விட ஏலாது. 1918 ஜனவரியில மக்காய சூறாவளி அடிச்சு, கடல் ஊருக்குள்ள ஏறி, முப்பது பேரளவுல செத்து, தந்திக் கம்பி அறுந்து நாள்கணக்கா வெளியால ஒருத்தருக்கும் தெரியாமக் கிடந்திருக்கு. 78 நவம்பர் 23 நம்மட கிழக்குல அடிச்ச சூறாவளிய அனுபவிச்ச வீட்டு ஆக்களுக்கு இத வாசிக்கக் கூரத் தகரம் பறக்கிற சத்தம் காதுல கேக்கும். எங்கட அம்மாக்குச் சொன்னன், "தென்ன எத்தின விழுந்ததாம்" எண்டு கேட்டா, கரும்புதான் அம்மா எண்டன்.

குறை இல்லையா எண்டா இருக்கு. நூத்தம்பது வருசத்துப் பழைய பேப்பர மெசின்தான் எழுத்துக்கூட்டி வாசிக்குது, அச்சு மங்கின இடமெல்லாம் சொல் சிதைஞ்சுதான் வரும், அதால ஒரு பேர ஒரு தரம் தேடிப்போட்டு இல்ல எண்டு முடிவெடுக்காதிங்க, நாலு விதமா அடிச்சுப் பாருங்க. ஆனா வாசிக்கிற நாமளே அந்த எழுத்தத் திருத்தலாம், திருத்தினது உடன சேரும், அவுஸ்திரேலியாவுல வயசானவங்க கனபேர் இதையே வேலையா வச்சுச் செய்யிறாங்க. இங்கிலிஸ் ஒரளவு வாசிக்கத் தெரியணும், தமிழ்ல ஒண்டும் எதிர்பாக்காதிங்க. படிக்கிற பிள்ளைகளுக்கு, குறிப்பா வெளிநாட்டுல சொந்தம் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு, டிக்டொக்கக் கொஞ்சம் வச்சுப்போட்டு இதப் பாருங்க எண்டு தைரியமாச் சொல்லுவன். என்ட மார்க் அஞ்சுக்கு நாலரை, அரை மார்க் டேட்டாக்காகக் குறைச்சது, அது ட்ரோவ்ட பிழையில்லத்தான் ஆனா காசு என்டது.

நேத்துப் பின்னேரம் நானும் ஒரு வரி திருத்தினன், சிங்கலீஸ் எண்ட சொல்ல மெசின் என்னவோ பூச்சி மாதிரி வாசிச்சு வச்சிருந்தது. பிறகு அக்கா வீட்ட போய் இருந்து எல்லாத்தையும் தமிழ்ல சொல்லிக் காட்டினன். வாயத் திறக்காமக் கேட்டுக்கொண்டிருந்தவ கடைசியில, "வருசத்துக்கு ஆறு பவுணா" எண்டு மட்டும் கேட்டா, கேட்டுப்போட்டு போன எடுத்து மகனுக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டா, "மனே, அவனுகள் சம்பளம் நேரத்துக்குத் தாறானுகளா?"